கூம்புக் கருவிழிக்கான லென்ஸும் மருத்துவச் செலவே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கண்தான இருவார விழாவையொட்டித் தங்கள் நாளிதழில் வெளியான, கருவிழி மாற்று அறுவை சிகிச்சை குறித்த கட்டுரையைப் படித்தேன். இறந்தபின் கண்களைக் கொடுப்பதன் அருமையை எளிய நடையில் எடுத்துச் சொன்ன அக்கட்டுரைக்கு என் மனமார்ந்த நன்றி. நானும் என் கணவரும் கண்தானப் படிவத்தில் கையெழுத்திட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனால், கட்டுரையின் நடுவில், கருவிழி கூம்பு போலத் துருத்திக்கொள்ளும் கெரட்டோகோனஸ் நோயைக் குறிப்பிட்டுவிட்டு, அதற்கு மாற்றுக் கருவிழி பொருத்துவதே தீர்வு என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். அந்நோயுள்ள ஓர் இளைஞனின் தாயாகப் பதினோர் ஆண்டுகளைக் கடந்து வந்தவள் நான். அந்த ஒரு வரியைப் படிக்கும் பெற்றோர், தங்கள் பிள்ளைக்கு அறுவை சிகிச்சை அல்லது இருட்டு என்ற இரண்டே வழிகள்தாம் உள்ளன என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் இளைய மகன் பதினொன்றாம் வகுப்பில் படித்தபோது, பதினான்கு மாதங்களுக்குள் மூன்று முறை கண்ணாடி மாற்றினோம். எங்கள் ஊர்க் கண்ணாடிக் கடையில் ஒவ்வொரு முறையும் பவர் கூடியிருக்கிறது என்றார்கள். செல்போன் பார்ப்பதைக் குறைக்கச் சொன்னார்கள். கேரட்டும் முருங்கைக் கீரையும் கொடுக்கச் சொன்னார்கள். புதுக் கண்ணாடி போட்ட இரண்டு வாரத்தில் அவன் மறுபடியும் தலையைச் சாய்த்து, இமையை இடுக்கிப் பார்க்கத் தொடங்கிவிடுவான். ஒரு பௌர்ணமி இரவில் மொட்டை மாடியில் நின்றுகொண்டு, "நிலா மூணு நாலா, வால் வெச்ச மாதிரித் தெரியுதும்மா" என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். தெருவிளக்கு, எதிரே வரும் பேருந்தின் முகப்பு விளக்கு, கரும்பலகையில் எழுதிய எழுத்து எல்லாமே அவனுக்கு அப்படித்தான் பல பிம்பங்களாகத் தெரிந்துகொண்டிருந்தன என்பது, ஒரு பெரிய கண் மருத்துவமனையில் கருவிழியின் மேடு பள்ளத்தை வரைபடமாக எடுத்துக் காட்டிய பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. டோபோகிராபி என்று சொல்லப்படும் அந்தப் படத்தில், பச்சையாக இருக்க வேண்டிய இடத்தின் கீழ்ப்பாதி முழுவதும் சிவந்து கிடந்தது.

நோயின் தன்மையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணின் முன்புறத்தில் கைக்கடிகாரக் கண்ணாடி போல மூடியிருக்கும் கருவிழிப் படலம், நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. இந்நோயில் அது மெலிந்து, வலுவிழந்து, கண்ணின் உள்ளழுத்தத்தைத் தாங்க முடியாமல் முன்னோக்கித் துருத்துகிறது. பெரும்பாலும் பதின்பருவத்தில் தொடங்கி முப்பதுகள் வரை வளர்கிறது. ஒவ்வாமையால் கண் அரிக்கும் பிள்ளைகள் கண்ணை அழுத்திக் கசக்குவதற்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. என் மகனும் சிறுவயதில் கோடைதோறும் கண் சிவந்து, விரல் முட்டிகளால் மணிக்கணக்கில் கசக்கிக்கொண்டிருந்தவன்தான். அப்போது யாராவது ஒருவர் என்னிடம், "இப்படிக் கசக்க விடாதீர்கள்" என்று காரணத்தோடு சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கம் இன்றும் எனக்கு உண்டு. 1854ஆம் ஆண்டிலேயே ஜான் நாட்டிங்ஹாம் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்நோயைத் தெளிவாக விவரித்து எழுதிவிட்டார். ஆயினும் நம் ஊர்களில் இதன் பெயரைக்கூடக் கேள்விப்படாமலே பலர் கண்ணாடிக் கடைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

மூக்குக் கண்ணாடி ஏன் இதற்குப் போதுவதில்லை என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ இருப்பவரின் கருவிழி, வளைவு கூடினாலும் குறைந்தாலும், ஒழுங்கான வளைவுதான். அதற்கு ஈடான ஒழுங்கான கண்ணாடியை முன்னே வைத்தால் சரியாகிவிடும். கூம்பான கருவிழியில் ஒவ்வோர் இடத்திலும் வளைவு வெவ்வேறு விதமாக இருப்பதால், ஒளி ஒரே புள்ளியில் குவியாமல் சிதறுகிறது. மேடு பள்ளமான இந்தப் பரப்பை, கண்ணுக்கு ஒன்றேகால் சென்டிமீட்டர் தள்ளி நிற்கும் கண்ணாடியால் சமன் செய்ய முடியாது. நாங்கள் விவசாயக் குடும்பம். உழுது போட்ட வயல் எவ்வளவு கட்டியும் குழியுமாகக் கிடந்தாலும், நடவுக்குத் தண்ணீர் கட்டிய பிறகு அதன் மேற்பரப்பு வானம் தெரியும் கண்ணாடியாகிவிடுவதைச் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். கடினமான கான்டாக்ட் லென்ஸ் செய்வதும் இதைத்தான். லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கண்ணீர் நிரப்புகிறது. கண்ணீரும் கருவிழியும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைப்பவை என்பதால், அடியிலுள்ள மேடு பள்ளம் பெரும்பாலும் மறைந்து, லென்ஸின் வழுவழுப்பான முன்பரப்பே கண்ணின் புதிய முன்பரப்பாகிவிடுகிறது. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் மென்மையான லென்ஸ் கருவிழியின் வடிவத்துக்கே மடிந்து ஒட்டிக்கொள்வதால் இந்த வேலைக்கு உதவுவதில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் என்றாலே சினிமா நடிகைகள் கண்ணின் நிறத்தை மாற்றிக்கொள்ளப் போடுவது, கல்யாணப் பெண் கண்ணாடி இல்லாமல் நிற்பதற்காகப் போடுவது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. வரலாறு இதற்கு நேர்மாறானது. சூரிச் நகரில் பணியாற்றிய அடால்ஃப் ஃபிக் என்ற கண் மருத்துவர், கண்ணாடியில் செய்த லென்ஸை முதலில் முயலின் கண்ணிலும், பிறகு தம் கண்ணிலும், அதன்பின் நோயாளிகளின் கண்ணிலும் வைத்துப் பார்த்து 1888இல் கட்டுரை வெளியிட்டார். லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவில் அவர் நிரப்பியது திராட்சைச் சர்க்கரைக் கரைசல். அவர் மனத்தில் இருந்தவர்கள் கூம்புக் கருவிழி போன்ற, கண்ணாடியால் திருத்த முடியாத பார்வை உடையவர்களே. அதே ஆண்டில் பாரிஸில் யூஜின் கால்ட் என்பவரும் கூம்புக் கருவிழிக்காகவே கண்ணாடி ஓடுகளைப் பொருத்திப் பார்த்தார். ஆக, இந்த லென்ஸ் பிறந்ததே இந்த நோயாளிகளுக்காகத்தான். மென்மையான லென்ஸ், 1961இல் செக்கோஸ்லோவாக்கியாவின் ஓட்டோ விக்டர்லே தம் வீட்டு மேசையில் செய்து காட்டிய பிறகு வந்தது. மென்மையான நிற லென்ஸ்கள் அதற்கும் பின்னால் வந்தவை. யாருக்காகப் பிறந்ததோ அவர்களிடமே இன்று, "இது அழகுக்காகப் போடுவதுதானே" என்று கேட்கிறார்கள்.

என் மகனுக்கு முதலில் செய்தது கொலாஜன் கிராஸ் லிங்கிங் என்ற சிகிச்சை. ரைபோஃபிளேவின், அதாவது பி2 வைட்டமின் சொட்டு மருந்தைக் கருவிழியில் ஊறவிட்டு, புற ஊதாக் கதிரைச் செலுத்தி, இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து வலுவூட்டும் முறை இது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர மருத்துவர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு உலகெங்கும் பரவியது. இது நோய் மேலும் வளராமல் நிறுத்துவதற்கான சிகிச்சை. இழந்த பார்வையைத் திருப்பித் தருவதற்கானது அன்று. இதை மருத்துவர் சொன்னபோது எங்கள் காதில் முழுமையாக ஏறவில்லை. கட்டு அவிழ்த்தால் பார்வை வந்துவிடும் என்று நம்பியிருந்த எங்களுக்கு, ஒரு மாதம் கழித்தும் அவன் எழுத்துப் பலகையில் மேல் வரியைத் தாண்டாதபோது ஏமாற்றமே மிஞ்சியது. இதே ஏமாற்றத்தை வேறு பல பெற்றோரிடமும் பின்னாளில் பார்த்தேன். நோயை நிறுத்துவது ஒன்று, பார்க்கவைப்பது வேறொன்று. இரண்டாவதற்குப் பெரும்பாலும் லென்ஸ்தான் வழி.

அதன்பின் ஆர்ஜிபி எனப்படும், காற்று ஊடுருவும் கடின லென்ஸ் பொருத்தினார்கள். ஒன்பது பத்து மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு வில்லை அது. கருவிழியின் மேலேயே உட்காரும். கூம்புக் கருவிழிக்கென்றே நியூசிலாந்தின் பால் ரோஸ் என்ற கண் பரிசோதகர் வடிவமைத்த ரோஸ் கே போன்ற வகைகளும் இதில் உண்டு. முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு மருத்துவமனை வராந்தாவுக்கு வந்தவன், எதிர்ச் சுவரில் தொங்கிய நாள்காட்டியின் கீழே இருந்த அச்சகத்தின் பெயரை வாசித்தான். கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது; உறுத்தல் அவ்வளவு. இருந்தாலும் வாசிப்பதை நிறுத்தவில்லை. கண்ணாடி போட்டு 6/36 வரை மட்டுமே, அதாவது நல்ல பார்வையுள்ளவர் 36 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை 6 மீட்டரில் நின்றால்தான் படிக்க முடியும் என்ற அளவில் மட்டுமே, பார்த்தவன் அன்று 6/9 வரி வரை படித்தான். இரண்டு ஆண்டுகள் அந்த லென்ஸோடுதான் கல்லூரிக்குப் போனான். ஆனால், கூம்பின் முனையில் லென்ஸ் உரசி உரசிப் புண்ணாவதும், பேருந்தின் ஜன்னலோரத்தில் தூசி விழுந்தால் உயிர் போகும் வலி எடுப்பதும், ஒருமுறை பேருந்து நிலையக் கூட்டத்தில் லென்ஸ் தெறித்து விழுந்து காணாமலே போனதும் சேர்ந்து, இனி இதைத் தொடர முடியாது என்ற நிலைக்கு வந்தோம்.

அப்போதுதான் ஸ்கிளீரல் லென்ஸ் பற்றிச் சொன்னார்கள். இது பதினான்கு முதல் இருபது மில்லிமீட்டர் வரையிலும், சில வேளைகளில் அதற்கு மேலும் விட்டமுள்ள பெரிய லென்ஸ். கருவிழியைத் தொடாமல், பாலம் போல அதைத் தாண்டி, உணர்ச்சி குறைந்த வெண்விழியின் மேல் தங்குகிறது. உள்ளே நிரப்பப்படும் உப்பு நீர் நாள் முழுவதும் கருவிழியை நனைத்துக்கொண்டே இருக்கும். ஃபிக் முயன்றதும் இப்படிப்பட்ட பெரிய லென்ஸைத்தான். காற்றுப் புகாத கண்ணாடியை ஓரிரு மணி நேரத்துக்கு மேல் கண் தாங்கவில்லை. ஆக்சிஜனை ஊடுருவ விடும் மூலப்பொருள் வந்த பிறகு, 1980களில் தொடங்கித்தான் அந்தப் பழைய யோசனை நடைமுறைக்கு வந்தது. பாஸ்டன் நகரில் 1992இல் தொடங்கப்பட்ட ஓர் அறக்கட்டளை, ப்ரோஸ் என்ற பெயரில் இதை ஒரு சிகிச்சை முறையாகவே வளர்த்தது. அம்முறை சென்னை சங்கர நேத்ராலயாவிலும் ஐதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவமனையிலும் கிடைக்கிறது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

இந்த லென்ஸைக் கடையில் சீட்டைக் கொடுத்து வாங்கிவிட முடியாது. சோதனை லென்ஸை வைத்து, அது அமர்வதற்கு அரை மணி முதல் சில மணி நேரம் வரை காத்திருந்து, கருவிழிக்கும் லென்ஸுக்கும் இடையே தலைமயிர் இரண்டு மூன்றின் பருமனுக்கு இடைவெளி இருக்கிறதா, ஓரம் வெண்விழியின் ரத்தக் குழாய்களை நெரிக்கிறதா என்று பச்சைச் சாயம் விட்டு நுண்ணோக்கியில் பார்த்து, ஒவ்வொரு விளிம்பாகத் திருத்தி எழுதி, வெட்டி வாங்கி, மறுபடியும் போட்டுப் பார்க்க வேண்டும். என் மகனின் வலது கண்ணுக்கு நான்காவது லென்ஸ்தான் பொருந்தியது. அதைப் பொருத்திய ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது கண் பரிசோதகரான பெண், மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு, "இன்னும் கால் டயாப்டர் பார்த்துவிடலாம்" என்று, லென்ஸ் பவரின் அந்தச் சிறு அளவுக்காக மறுபடியும் உட்கார்ந்தார். இந்தத் துறையில் இருப்பவர்களின் பொறுமையை நம் சமூகம் போதிய அளவு அறியவில்லை என்றே எண்ணுகிறேன்.

எங்கள் வீட்டுக் காலை நேரத்தை இங்கே விவரிப்பது தவறாகாது என நம்புகிறேன். ஆறரை மணிக்கு அவன் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, பஞ்சு ஒட்டாத துணியில் ஈரம் போகத் துடைப்பான். சாப்பாட்டு மேசையின் மேல் ஒரு வெள்ளைத் துண்டை விரிப்பான். லென்ஸ் தவறினால் உருண்டு ஓடாமல் இருப்பதற்காக. இடது கை விரல்களுக்கு நடுவில் சிறு ரப்பர் குழல். அதன் வாயில் லென்ஸ் கிண்ணம் போல நிமிர்ந்திருக்கும். பதப்பொருள் எதுவும் கலக்காத சலைனை, விளிம்புக்கு மேல் குமிழாக எழும்பி நிற்கும் வரை நிரப்புவான். பிறகு முகம் தரையைப் பார்க்கும்படி முழுவதும் குனிந்து, இரு விரல்களால் இமைகளை அகட்டி, குழலை மேலே கொண்டுவருவான். நீர் மேசைத் துண்டில் சொட்டும் சத்தம் கேட்கும். நிமிர்ந்து, என் கைபேசி விளக்கில் கண்ணைக் காட்டி, "குமிழி இருக்காம்மா?" என்று கேட்பான். கடுகளவு காற்றுக் குமிழி சிக்கியிருந்தாலும் கழற்றி, கழுவி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து நல்ல நாளில் ஐந்து நிமிடம். கெட்ட நாளில் முக்கால் மணி நேரம். அது முடிந்த பிறகுதான் அவன் காபி டம்ளரைத் தேடாமல் எடுக்கிறான். லென்ஸ் இல்லாமல் அவனுடைய நல்ல கண்ணின் பார்வை 6/60, மற்றொன்று 3/60. லென்ஸோடு இரண்டும் 6/9. இன்று ஒரு கட்டுமான நிறுவனத்தில் வரைபடம் வரைகிறான்.

அந்த மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் சந்தித்த ஒரு பெண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வலிப்புக்காகக் கொடுத்த மாத்திரை ஒவ்வாமல் போய், உடம்பெல்லாம் தோல் உரிந்து, ஸ்டீவன்ஸ் ஜான்சன் என்ற கொடிய நோய்க்கு ஆளாகி, உயிர் தப்பியவர் அவர். தோல் ஆறியது, கண்கள் ஆறவில்லை. கண்ணீர் ஊறுவது நின்று, இமையின் உள்விளிம்பு உப்புத்தாள் போலச் சொரசொரத்து, ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கருவிழியைச் சுரண்டிக்கொண்டிருந்தது. மனிதர் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் முறை இமைக்கிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள். பகலில் துணியால் கண்ணை மூடிக்கொண்டு இருட்டறையில் இருந்தவர், ஸ்கிளீரல் லென்ஸ் பொருத்திய பிறகு சமையலறைக்குத் திரும்பியதாகச் சொன்னார். அவருக்கு அந்த லென்ஸ் பார்வைக்கான கருவி மட்டும் அன்று. கருவிழிக்கும் இமைக்கும் நடுவில் நிற்கும் கேடயம். மாற்றுக் கருவிழி பொருத்தினாலும் இத்தகைய வறண்ட கண்ணில் அது நிலைப்பது மிகக் கடினம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். விபத்தில் கருவிழியில் தழும்பு விழுந்தவர்கள், லேசர் சிகிச்சைக்குப் பின் கருவிழி துருத்திக்கொண்டவர்கள், பிறவிக் கண்புரை நீக்கப்பட்ட கைக்குழந்தைகள் என இத்தகைய தனிவகை லென்ஸ்களை நம்பியிருப்போர் இன்னும் பலர்.

இப்போது செலவுக்கு வருகிறேன். என் மகனின் ஸ்கிளீரல் லென்ஸ் ஒரு கண்ணுக்கு முப்பதாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டியிருக்கிறது. சலைனும் சுத்திகரிப்புத் திரவமும் மாதந்தோறும் தனி. ஓய்வூதியம் வாங்கும் ஆசிரியை என்பதால் எங்களால் சமாளிக்க முடிந்தது. அவனுக்காகக் கட்டிவந்த தனியார் மருத்துவக் காப்பீட்டில் இத்தொகையைக் கேட்டு, கருவிழி வரைபடம், மருத்துவரின் கடிதம் எல்லாவற்றையும் இணைத்து விண்ணப்பித்தேன். கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ் ஆகியவை காப்பீட்டுக்குள் வராது என்றும், அவை அழகு சார்ந்த தேர்வு என்றும் ஒரு பத்தியில் பதில் வந்தது. பல பாலிசிகளில் இப்படியொரு விலக்கு அச்சடித்தே இருக்கிறது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். 7.5 டயாப்டருக்குக் குறைவான ஒளிவிலகல் குறைபாட்டைச் சரிசெய்யும் சிகிச்சைக்குப் பணம் தர வேண்டியதில்லை என்பதும் காப்பீட்டுத் துறையின் பொதுவான விலக்குகளில் ஒன்று. சாதாரணக் கிட்டப்பார்வைக்காரர் விருப்பத்துக்கு லேசர் செய்துகொள்வதை மனத்தில் வைத்து எழுதிய விதிகள் இவை. ஒரு நோயினால் கருவிழி உருக்குலைந்தவருக்கும் அதே விதியைக் காட்டித் திருப்பி அனுப்புவது நியாயமாகாது. காலை இழந்தவரின் செயற்கைக் காலை யாரும் அழகுப் பொருள் என்பதில்லையே!

சட்டத்திலும் ஓர் இடைவெளி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறைந்த பார்வை என்பதற்கு, நல்ல கண்ணில், இயன்ற அளவு சிறந்த திருத்தத்துக்குப் பிறகும் 6/18க்கு மேற்படாமல் 3/60 வரை உள்ள பார்வை என்று அளவு வைத்திருக்கிறது. லென்ஸ் போட்டால் 6/9 தெரியும் என்பதால் என் மகன் இந்த வரையறைக்குள் வரமாட்டான். வரவேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. என் கேள்வி வேறு. சிறந்த திருத்தம் என்று சட்டம் சொல்லும் அந்த லென்ஸை வாங்க வழியில்லாத கூலித் தொழிலாளியின் மகள், சட்டத்தின் கண்ணில் பார்வையுள்ளவள், வாழ்க்கையில் பார்வையற்றவள். அவளுக்குச் சான்றிதழும் கிடைக்காது, லென்ஸும் கிடைக்காது. காது கேளாதோருக்குக் கருவியும், நடக்க இயலாதோருக்குச் செயற்கைக் காலும், பள்ளிப் பிள்ளைகளுக்கு மூக்குக் கண்ணாடியும் இலவசமாகக் கொடுக்கும் நம் அரசுகளுக்கு, ஒரு மருத்துவரின் சான்றோடு வரும் இத்தகைய நோயாளிக்கு லென்ஸ் கொடுப்பது பெரும் சுமையாக இராது.

கண்தானத்தோடு இது எப்படித் தொடர்புடையது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாற்றுக் கருவிழி பொருத்துவது மகத்தான சிகிச்சை; 1905இல் எட்வர்ட் சிர்ம் முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்து காட்டியதிலிருந்து எத்தனையோ பேருக்கு அது கண் கொடுத்திருக்கிறது. ஆனாலும் தையல், நீண்ட கால ஸ்டீராய்டு சொட்டு மருந்து, உடல் அதை ஏற்க மறுக்கும் அபாயம், இவையெல்லாம் கடந்த பிறகும் ஒழுங்கற்ற வளைவு மிஞ்சினால் கடைசியில் மறுபடியும் கடின லென்ஸே போட வேண்டிய நிலை என்று அதற்கும் ஒரு நீண்ட பாதை உண்டு. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகர மருத்துவர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டிய அளவுக்கு முற்றிய கூம்புக் கருவிழிகளுள் ஸ்கிளீரல் லென்ஸ் பொருத்தப்பட்ட 51 கண்களில், 40 கண்கள் அந்த லென்ஸோடே நெடுநாள் நன்றாக இருந்தன என்று பதிவு செய்திருக்கிறார்கள். லென்ஸால் பார்க்க முடிகிற ஒருவர் லென்ஸோடு இருந்துகொண்டால், தானமாகக் கிடைத்த அந்தக் கருவிழி, வேறு வழியே இல்லாத இன்னொருவருக்குப் போகும். கருவிழி முற்றிலும் வெளுத்துத் தழும்பேறியவர்களுக்கும், லென்ஸ் எதையும் தாங்க முடியாதவர்களுக்கும் அறுவை சிகிச்சைதான் வழி என்பதை நான் மறுக்கவில்லை.

லென்ஸ் கிடைக்கும் இடங்கள்தாம் அடுத்த சிக்கல். எங்கள் மாவட்டத்திலிருந்து நோயாளியும் துணைக்கு ஒருவரும் இரவு ரயிலேறிச் சென்னைக்குப் போய், ஒரு நாள் முழுதும் காத்திருந்து, மறுநாள் திரும்பி, மூன்று வாரம் கழித்து மறுபடியும் போக வேண்டும். நாங்கள் ஒரே ஆண்டில் ஒன்பது முறை போனோம். நாட்கூலிக்காரர் ஒன்பது நாள் வேலையை விடுவாரா? 1819இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனை உள்ள மாநிலம் இது. 1976இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி வாழ்ந்த மாநிலம் இது. கண்புரைக்கு உள்ளே வைக்கும் லென்ஸ் இறக்குமதியாகி நூறு டாலர் அளவில் விற்ற காலத்தில், 1992இல் தொடங்கப்பட்ட, அரவிந்த் மருத்துவமனையைச் சார்ந்த ஆரோலேப் நிறுவனம் அதை மதுரையிலேயே தயாரித்து, பத்து டாலர் அளவுக்கும் பின்னர் அதற்கும் கீழாகவும் கொண்டுவந்தது. அதன் பிறகுதான் ஏழையின் கண்ணுக்கும் உள்லென்ஸ் சாத்தியமாயிற்று. கடின லென்ஸை வெட்டும் கணினிக் கடைசல் இயந்திரங்கள் நம் நாட்டில் ஏற்கெனவே இயங்குகின்றன. மூலப்பொருளான பொத்தான் வடிவ வில்லைகள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வருகின்றன. உள்லென்ஸுக்கு நடந்தது இதற்கும் நடக்க முடியாது என்று எண்ண எனக்குக் காரணம் தெரியவில்லை.

எனவே அரசின் பார்வைக்கு என் வேண்டுகோள்கள் இவை. கூம்புக் கருவிழி, ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய், கருவிழித் தழும்பு ஆகியவற்றுக்காக அரசு மருத்துவர் எழுதிக்கொடுக்கும் லென்ஸுக்கு, அரசு மருத்துவக் காப்பீட்டின் சிகிச்சைப் பட்டியலில் தெளிவான இடம் வேண்டும். பொருத்துவதற்கும் பராமரிப்பதற்கும் ஆகும் செலவும் அதில் சேர வேண்டும். மண்டலத்துக்கு ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேனும் டோபோகிராபி கருவியும், சோதனை லென்ஸ் தொகுப்பும், இதற்கெனப் பயிற்சி பெற்ற ஆப்டோமெட்ரிஸ்ட் ஒருவரும் இருக்க வேண்டும். இந்த மூன்றில் கடைசியாகச் சொன்னதுதான் முதன்மையானது. கருவியை வாங்கி வைத்துவிட்டு ஆள் இல்லாமல் பூட்டி வைப்பதில் பயனில்லை.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. நான் பணியில் இருந்தபோது, பக்கத்து மாணவியின் நோட்டைப் பார்த்து எழுதுகிறாள் என்று ஒரு பிள்ளையை வகுப்பில் எழுப்பிக் கண்டித்திருக்கிறேன். முதல் வரிசையில் உட்கார வைத்தேன். அங்கும் அப்படியே செய்தாள். அவளிடம் கண்ணாடி இருந்தது, அதனால் கண்ணில் குறை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் மகனுக்கு நோய் தெரிந்த பிறகு அந்தப் பிள்ளையின் முகம் எத்தனையோ இரவுகளில் நினைவுக்கு வந்திருக்கிறது. அவளைத் தேடியும் பார்த்தேன், கண்டுபிடிக்க இயலவில்லை. கண்ணாடி போட்ட பிறகும் கரும்பலகை தெரியவில்லை என்கிற பிள்ளை, ஆண்டுக்கு இருமுறை பவர் மாறுகிற பிள்ளை, விளக்கைச் சுற்றி வால் தெரிகிறது என்கிற பிள்ளை, ஓயாமல் கண்ணைக் கசக்குகிற பிள்ளை ஆகியோரைக் கருவிழி வரைபடம் எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்ற ஒரு குறிப்பைப் பள்ளிக் கண் பரிசோதனைப் படிவத்தில் சேர்த்தாலே, நோய் முற்றுவதற்கு முன் பலரைப் பிடித்து நிறுத்திவிடலாம்.

லென்ஸ் போடுவோரின் பெற்றோருக்கு அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். குழாய் நீரோ, காய்ச்சி ஆறவைத்த நீரோ, வீட்டில் கலக்கிய உப்பு நீரோ லென்ஸின் அருகில்கூட வரக் கூடாது. தண்ணீரில் வாழும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழிக்குள் புகுந்தால் மிகுந்த வலியோடு பார்வையையே பறித்துவிடும். மருத்துவர் சொல்லாமல் லென்ஸோடு உறங்கவும் கூடாது. கண் சிவந்து, வெளிச்சம் கூசினால் உடனே கழற்றிவிட்டு மருத்துவரிடம் போய்விட வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது.

தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில், தமிழ்நாட்டில் எந்தெந்த மருத்துவமனைகளில் இத்தகைய லென்ஸ்கள் பொருத்தப்படுகின்றன, அவற்றுள் எங்கே ஏழைகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு என்ற விவரத்தைத் தங்கள் செய்தியாளர்கள் மூலம் திரட்டி வெளியிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். என் மகனுக்கு நோய் தெரிந்த அன்று, மருத்துவமனை வாசலிலிருந்த கடையில் நின்றுகொண்டு நானும் என் கணவரும் அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று எங்கள் கையில் இருந்திருக்க வேண்டியது அப்படியொரு பட்டியல்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
புதுக்கோட்டை மாவட்டம்.
(மகனின் பணியிடத்தைக் கருதிப் பெயரைத் தவிர்த்து வெளியிட வேண்டுகிறேன்.)